கொழுந்து லொறியில் போன பல்வலி

போன வருடம் ஐப்பசி மழையில், மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிய வீடுகளில், நடந்தது. பதுளையில் கடை வேலை பார்க்கும் நான் அன்று லீவில் வீட்டில் இருந்தேன். கொழுந்து பறிக்கும் என் மனைவி பல்வலியால் வேலைக்குப் போகவில்லை. வாயில் தண்ணீர் பட்டாலே துடித்தாள்.

எங்கள் லயத்தில் உப்பு, சீனி போல மிஞ்சிய மாத்திரையும் வீட்டுக்கு வீடு கைமாறும். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையான பக்கத்துக் காம்பிராவில் இருக்கும் அக்கா இரண்டு மாத்திரையோடு வந்தார்.

“எங்க வீட்டுக்காரரு கால் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில குடுத்தது. நல்லாக் கேட்டுச்சு. போட்டுக்க தங்கச்சி.”

ஒன்றை விழுங்கினாள். சிறிது நேரத்தில் கையெல்லாம் தடித்துச் சிவந்தது. உதடு வீங்கியது. “ஏங்க, தொண்டைய அடைக்குது” என்றாள். அடுத்த பேச்சு வரவில்லை. மூச்சில் விசில் சத்தம் மட்டும்.

கொழுந்து ஏற்றிக்கொண்டு தேயிலைப் பெக்டரிக்குப் போகும் லொறி வந்தது. கையை நீட்டி மறித்தேன். டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“பெக்டரி கெடக்கட்டும், ஏறுங்கண்ணே!”

குண்டும் குழியுமான பாதை முழுக்க அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். விசில் சத்தம் மெல்ல அடங்கியது. கண்ணைத் திறந்து அவள் சொன்ன முதல் வார்த்தை:

“பல்லு இன்னும் வலிக்குதுங்க.”

வாசலில் நின்ற டிரைவர் சிரித்துவிட்டார். “அப்ப பொழச்சிருச்சுண்ணே!”

பிறகு பதுளையில் பல் டாக்டர் விளக்கினார். பல்லின் நடுவில் உயிருள்ள சதை இருக்கிறது. சொத்தை வழியே கிருமி போனதும் உடம்பு எதிர்த்துப் போராட, அது வீங்குகிறது. சுற்றிலும் கெட்டிச் சுவர், வீக்கத்துக்கு இடமில்லை. அதுதான் வலி. பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியதற்கு மாத்திரை உதவாது. அந்த மருந்தையோ உடம்பு எதிரியென்று எண்ணித் தொண்டையையே அடைத்திருக்கிறது. அந்த மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை இனி எந்த டாக்டரிடமும் முதலில் சொல்லச் சொன்னார்.

பல் சரியானது. ஆனால் பக்கத்துக் காம்பிரா அக்கா எங்கள் முகத்தைப் பார்க்கவே கூசினார். ஒருநாள் என் மனைவி, வீட்டில் உப்பு இருக்கும்போதே, அவரிடம் போய்க் கொஞ்சம் உப்பு கேட்டாள்.

“உப்பு ஒத்துக்குமா தங்கச்சி?” என்றார் அக்கா, பயந்தபடி.

சுவருக்கு அந்தப் பக்கம் இருவரும் சிரித்தார்கள். மூச்சுத் திணறாமல் அவள் சிரித்த அந்தச் சிரிப்பை, இன்றும் மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.