அப்பாவுக்கு அனுமதி இல்லாத ஆறு

இந்த நாட்டில் தூண்டில் போட்டு ஒரு மீனைப் பிடிப்பதற்கும் சோதினை எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது, ரொறன்ரோவில் அண்ணனோடு இருக்கும் அப்பா தொலைபேசியில், "ஆர் எழுதுறது? மீனோ?" என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் பாசையூர்க் கடலில் வலை போட்டவர் அவர். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகக் கடற்படை பாஸ் கேட்டது உண்டு. ஆனால் உனக்கு மீன் பிடிக்கத் தெரியுமா என்று அவரை யாரும் கேட்டதில்லை.

நான் டோர்ட்மண்டில் ட்ராம் ஓட்டுகிறேன். என்னோடு ஓட்டும் உல்றிக்க என்ற ஜெர்மன்காரி, சவர்லாண்ட் மலைப்பக்கத்தில் ஒரு தூண்டில்காரர் சங்கத்தில் இருக்கிறாள். ஒருநாள் வேலை இடைவேளையில் தான் பிடித்த மீனின் படத்தைக் கைபேசியில் காட்டினாள். மண்ணிற முதுகு, வெண்ணெய் நிற வயிறு, பக்கமெல்லாம் சிவப்புப் பொட்டு, ஒவ்வொரு பொட்டையும் சுற்றி ஒரு வெளிறிய வளையம். பாஹ்ஃபொரெல்ல என்று பெயர் சொன்னாள். ஓடையில் வாழும் ட்ரௌட் மீன். இவ்வளவு வடிவான மீனை நான் கண்டதில்லை. நானும் வாறன் என்றேன். சும்மா வர ஏலாது, முதலில் படித்து சோதினை பாஸ் பண்ண வேண்டும் என்றாள்.

வகுப்புக்குப் போன முதல் நாள், படிப்பிக்கிறவர் என்னைக் கண்டதும் கணவருக்காக வெளியே இருந்தும் காத்திருக்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். என் கணவர் அந்நேரம் வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "படிக்க வந்தது நான்தான்" என்றேன். அவர் முகம் சிவந்துபோய், முன்வரிசையில் கதிரை இழுத்துப் போட்டார். மீன்களின் உறுப்புகள், நோய்கள், எந்த மீனை எந்தக் காலத்தில் தொடக்கூடாது, எத்தனை சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும் என்றெல்லாம் ஜெர்மன் மொழியில் பாடமாக்கினேன். சோதினையில் படங்களைக் காட்டி மீனின் பெயர் கேட்டபோது ஒன்றுகூடப் பிழை விடவில்லை. ட்ராம் ஓட்டும் அனுமதி கிடைத்த நாளில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடக்கவில்லை.

அன்ரனுக்கு, அதுதான் என் வீட்டுக்காரருக்கு, இது பெரிதாகப் பிடிக்கவில்லை. தடுக்கவில்லை, ஆனால் கோயிலில் யாராவது என்னைக் கேட்டால், "அவ நடக்கப் போட்டா" என்று, உலாவப் போனதுபோலச் சொல்லுவார். எனக்குக் காரணம் விளங்கும். இங்கே எங்கள் ஆட்களில் சிலர் தகப்பன் என்ன தொழில் செய்தார் என்று கேட்டால் 'வியாபாரம்' என்பார்கள். கடல் என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். வலையை விட்டு இவ்வளவு தூரம் ஓடிவந்த பிறகு இவள் ஏன் திரும்பத் தூண்டிலைத் தூக்குகிறாள் என்று சனம் கதைக்கும். கதைக்கட்டும். நான் பாசையூர் மீன்பிடிகாரனின் மகள். அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆனால் மீன்பிடிகாரனின் மகளாக இருந்தும் நான் ஒருநாளும் மீன் பிடித்ததில்லை. எங்கள் வீட்டில் வலையில் சிக்கிய நண்டைக் கழற்றுவது நான், மீனைத் தரம் பிரிப்பது நான், அம்மாவோடு கருவாடு காயப்போடுவது நான். வள்ளத்தில் ஏறுவது அண்ணன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு விடியற்காலை அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வள்ளம் வரைக்கும் போய், விளிம்பைப் பிடித்து ஒரு காலையும் தூக்கிவிட்டேன். அப்பா ஏசவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து எடுத்துவிட்டார். "பொம்பிளைப் பிள்ளையள் ஏறக்கூடாது, வீட்டை போ" என்றார். ஈரப் பாவாடையோடு கரையில் நின்று, வள்ளம் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வைகாசியில் அப்பா எங்களிடம் வந்து நின்றார். வந்த இரண்டாம் நாளே, "உன்ரை ஆத்தைக் காட்டு" என்றார். உல்றிக்கவின் சங்கத்தில் நானும் சேர்ந்திருந்தேன்; அந்தச் சங்கத்து ஆற்றுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். இடுப்புக்கு மேல் வரும் றப்பர் காற்சட்டையை நான் மாட்டுவதைச் சிரிப்போடு பார்த்தார். ஆற்றைக் கண்டதும் சிரிப்பு இன்னும் கூடிவிட்டது. அவருக்கு அது வாய்க்கால். கற்களுக்கு மேலே சலசலத்து ஓடும், அடி தெரியும் தண்ணீர். ஆழமான இடத்திலும் அவருடைய நெஞ்சுக்கு வராது. குனிந்து கையை விட்டவர் குளிரில் சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு நான் தூண்டில் நுனியில் கட்டியதை வாங்கிப் பார்த்தார். இறகும் நூலும் சுற்றிச் செய்த ஈ.

"பொய்யைக் காட்டியோ பிடிக்கிறது?"

"ஓமப்பா. இஞ்சை புழு போட விடமாட்டினம்."

அவர் மிக இயல்பாகத் தூண்டிலுக்குக் கையை நீட்டினார். தெரிந்த வேலையைச் செய்ய வந்த கை அது. நான் தூண்டிலை மெல்லப் பின்னுக்கு எடுத்தேன்.

"நீங்கள் பிடிக்க ஏலாது அப்பா. உங்களுக்கு அனுமதி இல்லை. ஆரும் கண்டால் என்ரையையும் பறிச்சுப்போடுவினம்."

"எனக்கோ அனுமதி இல்லை?"

"ஓமப்பா."

கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கரையில் ஒரு கல்லைப் பார்த்து அதில் உட்கார்ந்தார். எனக்கு மனம் கஷ்டப்பட்டது. அதற்குள்ளேயே ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கல்லொன்றின் பின்னால் தண்ணீர் சுழன்று அமைதியாகும் இடத்தில் ஈயை விழுத்தினேன். பலமுறை சும்மா வந்தது. "அந்த வேருக்குக் கீழை போடு" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். நானும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டேன். தண்ணீர் ஒரு முறை கொப்பளித்தது, நூல் இறுகியது, தடி வளைந்தது. மீன் நீரோட்டத்தோடு கீழே ஓடியது. இழுத்தால் நூல் அறும். நானும் தண்ணீருக்குள் வழுக்கி வழுக்கி அதன் பின்னால் போனேன். அப்பா கரையில் எழுந்து என்னோடு சமமாக நடந்தார். கடைசியில் கைவலைக்குள் எடுத்தபோதுதான் அவர் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. அளந்தேன். விட வேண்டிய அளவைவிட நன்றாகவே நீளம். தலையில் கட்டையால் ஒரே அடி, பிறகு நெஞ்சில் கத்தி.

"ஏன் பிள்ளை அடிக்கிறாய்? அது தானாச் சாகுந்தானே."

"அதுக்கு நோகக்கூடாது எண்டு இஞ்சை சட்டம்."

கையிலிருந்த மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல சட்டந்தான்" என்றார்.

நான் இரண்டாவது மீனையும் எடுத்த பிறகு சங்கத்தின் காவலர் வந்தார். பச்சைத் தொப்பி, தாடி. என் அட்டையைப் பார்த்தார், கொடுத்தார். பிறகு கல்லில் இருந்த அப்பாவிடம் திரும்பி, "ஸின்ட் ஸீ ஔஹ் ஆங்லர்?" என்றார். நீங்களும் தூண்டில்காரரா என்று கேட்கிறார். அப்பாவின் காதில் அது ஆங்கிலேயர் என்று விழுந்துவிட்டது. எழுந்து நின்று, "நோ, நோ. தமிழ்" என்றார். காவலர் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். நான் இடையில் புகுந்து, இவர் என் அப்பா, கடலில் மீன் பிடித்தவர் என்றேன். உடனே அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. என்னென்ன மீன் என்று கேட்டார். அப்பா பாரை, விளை, ஒட்டி, சூடை, திருக்கை என்று அடுக்கினார். எனக்கு அவற்றில் ஒன்றுக்குத்தான் ஜெர்மன் பெயர் தெரிந்தது. சோதினைக்காக நூறு தரம் எழுதிப் படித்த ஆற்று மீன்களுக்கோ தமிழில் பெயர் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கைகளை அகட்டியும் குறுக்கியும் காட்டிக்கொண்டிருந்தேன்.

போகும்போது காவலர் தொப்பியைத் தொட்டு "பெட்ரி ஹைல்" என்றார். தூண்டில்காரர் தங்களுக்குள் சொல்லும் வாழ்த்து, மீன்பிடிகாரரின் காவல் புனிதரான அர்ச். இராயப்பரின் பெயரால் சொல்வது என்று விளங்கப்படுத்தினேன். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கடை இராயப்பரோ" என்றவர், போய்க்கொண்டிருந்த காவலரின் முதுகைப் பார்த்து உரத்த குரலில் "பெட்ரி ஹைல்" என்றார். அவர் திரும்பிக் கையைத் தூக்கினார்.

வீட்டில் அப்பா உடனே உப்பும் பழப்புளியும் தேடினார். மீனை உரஞ்சிக் கழுவ வேண்டும் அல்லவா. "வேண்டாம் அப்பா, வழுவழுப்பு அப்பிடியே இருக்க வேணும்" என்று தடுத்தேன். இந்த மீனுக்குச் செதில் எடுப்பதும் இல்லை. வயிற்றைக் கீறி, குடலும் செவுளுக்குள் இருக்கும் சிவந்த பூவும் எடுத்து, முதுகெலும்போடு ஒட்டிய இரத்தத்தை நகத்தால் வழித்து, தோலை உரசாமல் கழுவினேன். வெங்காயம், கரட், பிரிஞ்சி இலை, உப்புப் போட்டுக் கொதித்த தண்ணீரை அடுப்பில் தணித்தேன். ஒரு மீனின் மேல் சூடான வினாகிரியை ஊற்றினேன். வழுவழுப்பு இருந்த தோல் எங்கள் கண்முன்னே நீலமாகியது. அன்ரனும் வந்து எட்டிப் பார்த்தார். அப்பா கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தார். பிறகு தண்ணீர் கொதிக்காமல் அசைந்துகொண்டிருக்க, அதற்குள் மீனை மெல்ல இறக்கினேன். முதுகுச் செட்டையைப் பிடித்து இழுக்க இலகுவாகக் கழன்று வந்தால் அவிந்துவிட்டது. மற்ற மீனுக்கு மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசிப் பொரித்தேன்.

நீல மீனை ருசி பார்த்து, நோயாளிக்குக் கொடுக்கும் பத்தியம் என்பதுபோல, "வருத்தக்காரன்ரை சாப்பாடு" என்றார் அப்பா. பிறகு இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு இன்னொன்று. பொரித்ததை அன்ரனே பெரும்பாலும் முடித்தார். நடுவில் அண்ணன் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். அப்பா அவனிடம் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "இவள்தான்ரா பிடிச்சவள். எனக்கு விடேல்லை. சட்டமாம். ஓடுற மீனுக்குப் பின்னாலை ஆத்துக்குள்ளை இறங்கிப் போனாள். நீ எண்டால் நூலை அறுத்திருப்பாய்."

தொலைபேசியை வைத்துவிட்டு மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஊரில் எங்கள் வீட்டில் அன்றைய மீனில் நல்ல தலை வள்ளத்தைக் கொண்டுவந்தவருக்குத்தான். அப்பாவுக்கு, பிறகு அண்ணனுக்கு. அம்மாவுக்கும் எனக்கும் அது வந்ததே இல்லை. நீல மீனின் தலையைச் செவுள்மூடியோடு சேர்த்துக் கழற்றி, அப்பா என் தட்டில் வைத்தார்.

"பிடிச்ச ஆள்தான் தின்ன வேணும்" என்றார்.

அன்ரன் உண்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். உருளைக்கிழங்கைக் குத்திய முள்ளுக்கரண்டி இடது கையில் அப்படியே இருந்தது. வலது கை ஒரு கருவியையும் தேடாமல், ஐந்து விரலாலும் அந்த நீலத் தலையை உடைத்துக் கன்னத்துச் சதையைத் தோண்டிக்கொண்டிருந்தது.