இந்திராணி கடைக்கு எழுதிய போர்டு

இந்திராணியின் மீன் குழம்பைச் சாப்பிட்டவன் எவனும் குறை சொன்னதில்லை. சாப்பிட வருகிறவன்தான் குறைவு.

ஜெட்டியிலிருந்து மரைன் ஹில்லுக்கு ஏறுகிற ரோட்டில், தகரக் கொட்டகை ஒன்றில் சோற்றுக்கடை வைத்திருந்தாள். புருஷன் கோவிந்தராஜ் இந்தத் தீவின் காட்டில் மரம் வெட்டப் போனவன், மரம் சாய்ந்து செத்துப்போனான். காண்ட்ராக்டர் ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடுகிறேன் என்றார். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். ஊர் என்றால் பரமக்குடிப் பக்கம் கொழுந்தன் வீடு. கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் இருந்து பார்த்திருக்கிறாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, மிச்சம் இருந்தால் இவளுக்கு. "அங்க போறதுக்கு இங்க கடல்ல எறங்கிரலாம்க்கா" என்று என்னிடம் சொன்னாள். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.

கொட்டகை அப்துல் வஹாப் பாயுடையது. கொப்பரை வியாபாரி, நல்ல மனுஷர். ஆனால் வியாபாரி.

"ஓடாத கடைக்கு எடத்தக் குடுத்துட்டு நான் கொப்பரையை எங்க தாயி போடுறது? மழ முடியற வரைக்கும் பாரு. ஓடுச்சுன்னா இரு."

ஜெட்டிக் கூலிக்காரர்கள் வருவார்கள், நினைத்தால் வருவார்கள். கப்பல் வருகிற நாள்தான் வியாபாரம். நாலைந்து நாள் கடலில் வாந்தி எடுத்து, வயிறு ஒட்டி இறங்குகிற கூட்டம் கண்ணில் படுகிற முதல் கடையில் நுழையும். ரோட்டு வளைவில் ஒரு பெரிய ஹோட்டல் இருந்தது. அதற்குப் பெயிண்டர் நூர்முகம்மது எழுதிய போர்டு. தொந்தி வைத்த ஒருவன் மீனைக் கடிக்கிற படம், மஞ்சளும் சிவப்புமாக ஜெட்டியிலிருந்தே தெரியும். கூட்டம் நேரே அங்கே போகும். இவள் கடைக்கு ஒன்றும் கிடையாது.

"வீடுன்னு நெனச்சிட்டு வாசல்ல நின்னு தண்ணி கேக்குறான்க்கா. குடிச்சிட்டு நல்லாரும்மான்னு சொல்லிட்டு அங்க போயிச் சாப்புடுறான்."

நூர்முகம்மதிடம் போய்க் கேட்டாள். அவருக்குப் பெயிண்ட் மெட்ராசிலிருந்து வரவேண்டும், பணத்தை முன்னாலேயே வைக்கவேண்டும். அதற்கு இவள் தன் அண்டாவை விற்கவேண்டும். திரும்பி வந்துவிட்டாள்.

அப்போதுதான் ராஜமாணிக்கம் வந்து சேர்ந்தான். லாஞ்சுகளுக்கும் தோணிகளுக்கும் நம்பர் எழுதுகிறவன்.

"கூலி வேணாம் தங்கச்சி. பெயிண்டு என்கிட்டயே இருக்கு. எழுதி முடிக்கிற வரைக்கும் ரெண்டு வேள சோறு போடு, போதும்."

எனக்குச் சுருக்கென்றது. "எழுதி முடிக்கிற வரைக்கும்னா என்னடி அர்த்தம்? போர்டு எழுதுறானா, கோபுரம் கட்டுறானா?"

"மழையில காய லேட்டாகும்க்கா" என்று அவனே பதில் சொன்னான்.

காயத்தான் இல்லை. எங்கள் ஊர் மழையில் துவைத்த துணியே காயாது, எண்ணெய்ப் பெயிண்ட் எங்கே காயும்? தினமும் வருவான். ஒரு விரலால் போர்டைத் தொட்டுப் பார்ப்பான். "இன்னும் ஈரம்" என்பான். அந்த விரலைத் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவான்.

"ஏன்டா, போர்டு காயிதோ இல்லியோ, உன் வயிறு நல்லா ஊறுது."

"குழம்பு அப்படிக்கா."

ஒருவழியாக முடித்தான். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சாம்பல் நிறத்தில் பலகை, வெள்ளையில் எழுத்து, நூல் பிடித்த மாதிரி. மேலே ஹிந்தியில் பெரிதாக, கீழே தமிழில் சின்னதாக 'இந்திராணி சாப்பாட்டுக் கடை'. இங்கே எல்லாரும் ஹிந்தி பேசுகிறார்களே என்று ஹிந்தியை மேலே போடச் சொன்னது இந்திராணிதான். பெயிண்ட் சர்க்கார் லாஞ்சுக்கு அடித்ததில் மிச்சம் என்றான். எவ்வளவு மிச்சம் என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சாம்பல் நிறம் ஊரில் எல்லார் வீட்டிலும் இருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மும் அதே நிறம்தான். பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் எங்கள் கண்ணுக்கு அது ஒரு நிறமாகவே படவில்லை.

அடுத்து வந்தது கல்கத்தா கப்பல். பெங்காலிக் குடும்பங்கள், பெரார்கஞ்சுக்கு அப்பால் காட்டை வெட்டிக் குடியேற வந்தவர்கள். கூட்டிப்போக வேண்டிய லாரிகள் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டன. இந்திராணி கடையில் இருந்த அரிசி மொத்தத்தையும் உலையில் போட்டிருந்தாள். பரிமாற ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

முதலில் ஒரு ஆள் தயங்கித் தயங்கி வந்தான். போர்டை அண்ணாந்து பார்த்தான். திரும்பிக் கப்பலைப் பார்த்தான். பிறகு கையைத் தட்டி மற்றவர்களைக் கூப்பிட்டான். கொட்டகை நிறைந்தது. பெஞ்சில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தார்கள். பசி என்றால் அப்படி ஒரு பசி. எலும்பும் தோலுமான குழந்தைகள் சூட்டோடு அள்ளி விழுங்கின.

இந்திராணிக்கு முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு. "அக்கா, போர்டு வேல செய்யுதுக்கா!"

முதல் பந்தி எழுந்தது. ஒரு கிழவி இந்திராணியின் தலையில் கை வைத்து ஏதோ ஆசீர்வாதம் சொன்னாள். கையைக் கழுவிவிட்டு எல்லாரும் வெளியே நடந்தார்கள்.

"பைசா? ஏ பாய், பைசா தோ!" என்று காசு கேட்டு இந்திராணி பின்னால் ஓடினாள்.

அந்த முதல் ஆள் நின்றான். விழித்தான். தெரிந்த அரைகுறை ஹிந்தியில், "சர்க்கார் கா கானா ஹை நா, மா?" என்றான், சர்க்கார் சாப்பாடுதானே என்று. போர்டைக் காட்டினான், கப்பலைக் காட்டினான்.

எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கப்பலில் அவர்களுக்குச் சோறு போட்ட இடமெல்லாம் அந்தச் சாம்பல் நிறம்தான், அந்த வெள்ளை எழுத்துதான். இறங்கினால் சர்க்கார் சாப்பாடு போடும் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். ஹிந்தி எழுத்து அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. நிறத்தைத்தான் வாசித்திருக்கிறார்கள்.

"வாசல மறிடி!" என்று கத்தி, நான் ஒருத்தன் துண்டைப் பிடித்து இழுத்தேன். அவன் மடியை அவிழ்த்துக் காட்டினான். கொஞ்சம் அவல் இருந்தது, அவ்வளவுதான்.

"விடுக்கா" என்றாள் இந்திராணி. "அவன்ட்ட என்ன இருக்கு."

"உன்கிட்ட என்னடி இருக்கு?"

வெளியே இன்னும் சாப்பிடாத கூட்டம் நின்றது. இவள் கையை விரித்து இல்லை இல்லை என்றதும், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி சண்டைக்கு வந்துவிட்டாள். எனக்குப் பெங்காலி தெரியாது. ஆனால் அண்டாவையும் இவளையும் காட்டிக் கத்தியதில் புரிந்தது. சர்க்கார் அரிசியைத் திருடி விற்கிறவள் என்று திட்டுகிறாள். இந்திராணி அண்டாவைச் சுரண்டி, அடியில் ஒட்டியிருந்ததை அந்தப் பிள்ளை கையில் வைத்தாள். லாரி வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

அரிசி மெட்ராஸ் கப்பலில்தான் வரவேண்டும். அதுவரை கடைவீதியில் கேட்டாலும் கிடைக்காது. அடுப்பு எரியவில்லை. கூலிக்காரர்கள் வளைவு ஹோட்டலுக்குப் பழகிக்கொண்டார்கள்.

ராஜமாணிக்கம் பழக்கதோஷத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா, உனக்கு உலகத்துல வேற கலரே கெடைக்கலியா?"

"இதுக்கு என்னக்கா கொற? உப்புக் காத்துல இருவது வருசம் நிக்கும்."

"கட நிக்கணுமேடா!"

அவன் தலையைச் சொறிந்தான். "செவப்பு இருக்கு, கப்பலுக்கு அடியில அடிக்கிறது. வேணும்னா மாத்தித் தரேன்." பிறகு பூனை படுத்திருந்த அடுப்பைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

பாய் குடையோடு வந்து நின்றார். "தாயி, கொப்பர நனையுது" என்றார். கொட்டகையைக் காலி செய் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். மெட்ராஸ் கப்பலில் அவளுக்கு இடம் சொல்லி வைத்ததும் அவர்தான்.

"எங்க வீட்ல இருடி. நான் சோறு போட மாட்டனா?" என்றேன்.

"எத்தன நாளைக்குக்கா? அங்கயும் அடுப்படி, இங்கயும் உங்க அடுப்படி. அங்க வேலைக்காரியா இருப்பேன். இங்க உங்க தர்மத்துல இருப்பேன். வேலைக்காரியே தேவல."

நான் அவள் மூட்டையைக் கட்டிக்கொடுக்க உட்கார்ந்தேன்.

அண்டாவை என்னிடம் விட்டுப் போகச் சொன்னேன், கேட்கவில்லை. தலையில் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினாள். ஜெட்டியில் நின்று கையசைத்துப் பார்த்தேன். மேல்தட்டில் அவள் தெரியவில்லை. கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவள், கிளம்பும் முன்பே கீழே போய்ப் படுத்திருப்பாள்.