நசுங்காத எலுமிச்சம்பழம்

மராத்திக்காரர்கள் ஊரான போசரியில் அப்பா வேலை பார்க்கும் கம்பெனியில் முன்பு குழந்தைகள் ஏறிக் குதிக்கும் காற்றுக் கோட்டைகள்தான் செய்தார்கள். இப்போது அதே மாதிரித் துணியில் பொய் டாங்கிகளும் செய்கிறார்கள். காற்றடித்தால் எழுந்து நிற்கும். வானத்திலிருந்து பார்க்கிற எதிரி நிஜமென்று நம்பி அதன் மேல் குண்டைப் போடுவான். ஓரங்களைச் சூடு வைத்து ஒட்டுவது அப்பாவின் வேலை. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று சூப்பர்வைசருக்கே சொல்ல மாட்டார்கள் என்பார் அப்பா.

போன தசராவுக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து முடித்த அப்பா டாங்கியின் பக்கம் வந்தார். ஆயுதம்தானே, அதை மட்டும் விடுவானேன் என்று பொட்டு வைத்தார். சாமந்தி மாலை போட்டார். லாரிக்கு வைப்பதுபோல முன்னால் எலுமிச்சம்பழமும் வைத்து, "ம், தள்ளுங்க" என்றார்.

தள்ளினார்கள். டாங்கி பழத்தின் மேல் ஏறி, லேசாகக் குலுங்கி, அந்தப் பக்கம் இறங்கியது. பழம் முழுசாக உருண்டு வந்து அப்பாவின் காலடியில் நின்றது.

ஷெட்டே சிரித்தது. "அண்ணே, இதுக்குத் திராட்சை வச்சிருக்கணும்" என்றார் கூட வேலை செய்யும் தமிழர் ஒருவர். "திராட்சையும் தப்பிச்சிரும்யா" என்றார் இன்னொருவர். மராத்திக்காரரான சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "காகா, நிம்பு ஜீத் கயா!" என்றார். சித்தப்பா, எலுமிச்சை ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் பழத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே அந்த வேலைக்குப் போகல" என்றார்.

"ஒரு பழம் நசுங்கலைன்னு வேலையை விடுவாங்களா? அந்தத் திருஷ்டிப் பழத்தை வீட்டுக்குள்ள வேற கொண்டாந்துட்டீங்க" என்றாள் அம்மா.

"பழம் இல்லடி. அடி வாங்கறதுக்குன்னே ஒண்ணச் செஞ்சு, அதுக்குப் பொட்டும் வச்சு... ஆட்டுக்கு மாலை போட்ட மாதிரி இருக்கு."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கல்லூரியில் வரலாறு. அந்தப் படிப்பு அப்பாவுக்கு ஒருநாளாவது உதவட்டும் என்று, இரண்டாம் உலகப் போரில் கடல் தாண்டிப் பிரான்சில் படை இறங்கிய கதையைச் சொன்னேன்.

"கடல் குறுகலா இருக்கற பக்கமா ரப்பர் டாங்கி, வெத்துப் படகெல்லாம் நிறுத்தி வச்சாங்கப்பா. அங்கதான் தாண்டப் போறாங்கன்னு எதிரி நம்பிட்டான். இறங்கினது வேற கரையில. அப்புறமும் அவன் பெரிய படையை அந்தக் குறுகலான பக்கமே வச்சுக்கிட்டுக் காத்திருந்தான். அதனால எத்தனையோ பேர் பொழச்சாங்க."

"அவன் காத்திருந்த பக்கம் ஊரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அங்க ஒண்ணும் ஆகலையே?"

எதிரியை நம்ப வைக்கப் படை இறக்கியவர்களே அங்கும் குண்டு போட்டார்கள். ஊர் ஜனங்களும் செத்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதையும் சொன்னேன். அவர் எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை டிபன் டப்பாவோடு கிளம்பினார்.

"போகலன்னீங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணு கேக்கணும். பதில் வந்தா இருப்பேன், இல்லன்னா திரும்பி வந்துருவேன்."

மத்தியானம் வரை அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போலச் சாயங்காலம்தான் வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"சூப்பர்வைசரைக் கேட்டேன்டா, இதை எங்க கொண்டுபோய் நிறுத்துவாங்கன்னு. பாலைவனத்துலதானாம். சுத்துவட்டாரத்துல ஒரு வீடுகூட இருக்காதாம்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

"நல்லதுப்பா" என்றேன்.