அக்காவும் மைக்கும்

ஒலிபெருக்கியின் சூடேறிய கண்ணாடிக் குழாய்களின்மேல் படிந்த தூசு கருகும் வாடையும், கீழே மரப்பெட்டிக்குள் இருந்த மோட்டார் பேட்டரியின் புளிப்பு நெடியும் சேர்ந்து வந்தால், பாட்டுத் தொடங்கப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். முப்பதுகளின் நடுவில் மலாயாவின் ஜொகூர் பாருவில் அப்பா நடத்திய பாட்டுக் குழுவை, கல்யாணங்களுக்கும் தோட்டத்துத் திருவிழாக்களுக்கும் அழைத்தவர்கள் 'ஆர்மோனியம் செட்டு' என்று சொல்வார்கள். ரயில்வே சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்த அப்பா ஆர்மோனியம் வாசிப்பார். தபலாவுக்கும் பிடிலுக்கும் அவருடைய நண்பர்கள் இருவர். பாடுவதற்குப் பதினேழு வயதுப் பாக்கியம் அக்காவும் பதினொரு வயது நானும். உண்மையில் பாடியவள் அக்காதான். அவள் பாடிய அடியைத் திருப்பிப் பாடி, அவள் மூச்சு வாங்கிக்கொள்ள இடம் கொடுப்பது மட்டுமே என் வேலை.

"பாக்கியம் பாடுனா கடைசி லயத்து வீட்டுல படுத்திருக்கிறவனுக்கும் கேக்கும்" என்று பெரியவர்கள் சொல்வது மிகையில்லை. அவளுக்காக அப்பா ஐந்தரைக் கட்டையில் சுருதி பிடிப்பார். அந்த உயரத்தில் என் குரல் நூலாக இளைத்து, இரண்டாம் வரிசையைத் தாண்டுவதற்குள் அறுந்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு குழு மைக் வைத்துப் பாடிவிட்டுப் போனதிலிருந்து, எங்களை அழைக்க வந்தவர்களும் "உங்ககிட்ட மைக்கு இருக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இல்லை என்று சொன்ன இரண்டு இடங்களில் எங்களை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அப்பா தந்தி இலாகாவில் வேலை பார்த்த துரைசிங்கம் மாமாவிடம் போனார். யாழ்ப்பாணத்துக்காரரான மாமா எங்களுக்கு உறவில்லை. பாட்டுக் கேட்க வந்து பழகியவர். கழித்துப் போட்ட டெலிபோனிலிருந்து வாய்வைத்துப் பேசும் பகுதியைக் கழற்றி, பழைய ரேடியோவின் உள்ளுறுப்புகளோடு இணைத்து, கிராமபோன் கூம்பு ஒன்றைப் பொருத்தி, சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூடத்திலேயே ஒரு கருவியைச் செய்துவிட்டார். மைக்கினுள் இருந்த கரித்தூள் அடிக்கடி இறுகிவிடும். விரலால் இரண்டு தட்டுத் தட்டினால்தான் மறுபடி பேசும்.

தம்போய்ப் பக்கம் ஒரு தோட்டத்துத் திருவிழாவில் அதை முதன்முதலாக வைத்தோம். அக்கா வழக்கம்போல் வாய்திறந்து பாடினாள். கூம்பிலிருந்து கரகரவென்று ஏதோ கிழிவதுபோல் வந்ததே தவிரப் பாட்டு வரவில்லை. "அலமாக்! ஆடு கத்துற மாரி இருக்குலா!" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது.

"பிள்ளை, கொஞ்சம் தள்ளி நில்லும். உம்மட சத்தத்தை இது தாங்காது" என்றார் மாமா.

அக்கா இரண்டடி பின்னால் போய்ப் பாடினாள், அப்போதும் கிழிந்தது. அப்பா அவளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, "சரசு, நீ பாடு" என்றார். சுருதியை நான்கரைக் கட்டைக்கு இறக்கினார். நான் பயந்துகொண்டே, வீட்டில் முணுமுணுப்பதுபோல் பாடினேன். கூட்டம் அடங்கிவிட்டது. என் குரல் அத்தனை தூரம் போவதைக் கேட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. பக்கத்தில் அக்கா கையில் ஜால்ராவை வைத்துக்கொண்டு, ஆனால் தட்டாமல், கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருடம் அப்பா சிங்கப்பூரிலிருந்து பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியும், வளையத்துக்குள் ஸ்பிரிங்குகளில் தொங்கும் மைக்கும், ஆளுயரத் தகரக் கூம்பும் வாங்கிவந்தார். இது அக்காவின் குரலைத் தாங்கும் என்று மாமா வீட்டில் சோதித்துக் காட்டினார். ஆனால் அதற்குள் பாட்டுகள் எல்லாம் என் சுருதிக்கு மாறியிருந்தன. கெலாங் பாத்தாவில் நாங்கள் பாடிய அன்று கூம்பு மைக்கைப் பார்த்து இருந்ததால் ஓயாமல் ஊளையிட்டது. மாமா அதைக் கொண்டுபோய்க் கூட்டத்துக்கு நடுவில் இருந்த மரத்தில், எங்களுக்கு முதுகு காட்டும்படி கட்டினார், ஊளை நின்றது. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் மரத்தைத்தான் தேடுவோம். அக்கா அன்று தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பிறகு அவள் எங்களோடு வரவேயில்லை.

அவளைச் சாஆ என்ற ஊரில், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தத் தோட்டத் திருவிழாவுக்கே எங்களை அழைத்தார்கள். கைக்குழந்தையோடு பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து அக்கா முழுவதும் கேட்டாள். பாட்டு முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் மேடையருகே வந்தாள்.

"நல்லா இருந்துச்சு சரசு. ஆனா சத்தம் மரத்துலேருந்து வருது, உன் வாய் இங்க அசையுது. எந்தப் பக்கம் பாக்கிறதுன்னே எனக்குத் தெரியல."

அப்பா ஆர்மோனியத்தை மூடப் போனவர் நிறுத்தி, "ஒன்னு பாடேம்மா" என்றார்.

"உங்க கட்டையில எனக்கு வராதுப்பா."

அப்பா துருத்தியை அழுத்தி, ஐந்தரைக் கட்டையில் விரல் வைத்துச் சுருதியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அக்கா அதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு, "புள்ள பசிக்கு அழுவுது" என்று சொல்லிவிட்டு லயத்தை நோக்கி நடந்தாள். குழந்தை அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சல் கண்டு அக்கா இறந்துபோனாள். மாமா செய்த கருவியும் அப்பா வாங்கிய ஒலிபெருக்கியும் அப்போதே போய்விட்டன. அவை சத்தத்தைப் பெரிதாக்கின; எதையும் பிடித்து வைக்கவில்லை. நான் பாடியதைக் கேட்டவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். அக்கா பாடிக் கேட்டவர்களில் எனக்குத் தெரிந்து நான்தான் மிச்சம். அவள் பாடிய பாட்டுகளின் சொற்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. குரல் எப்படி இருக்கும் என்று அவளுடைய பேத்தி போன மாதம் கேட்டாள். "சத்தமா இருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.