மாமாவின் டிவியும் அப்பாவின் டிவியும்

போரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இன்றும் சண்டை நடக்கிறது. நாடுகள்தான் மாறிக்கொண்டே இருக்கின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பா ஒரு வீடியோவை அனுப்புவார். அது பழைய வீடியோ என்று மாமா வேறொன்றை அனுப்புவார். குண்டு விழுந்த ஊர் வரைபடத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. சித்திகளும் அத்தைகளும் காலை வணக்கத்தோடு ரோஜாப் பூக்களை அனுப்பி அந்தப் போரை மேலே தள்ளிவிடுவார்கள். என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. எனக்கு அப்படியில்லை. இருவரும் சண்டை போடும்வரை நல்லது என்று நினைத்துக்கொள்வேன். அதற்குக் காரணம் ஒரு கோடை விடுமுறை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அனுப்பர்பாளையத்தில் எங்களுக்குக் கீழே பனியன் கம்பெனி, மாடியில் வீடு. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் தையல் மெஷின்கள், ஒரு நீளமான கட்டிங் மேஜை, சுவரோரம் துணி மூட்டைகள், அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் அதைக் கூட்டாக நடத்தினார்கள். துணி வெட்டுவது மாமா, தைத்து அனுப்புவது அப்பா. மாமா அளவு தப்பாக வெட்டிவிட்டாலும் அப்பா முகம் சுளிக்க மாட்டார். அப்பா சரக்கைத் தாமதமாக அனுப்பிப் பேச்சு வாங்கினால் மாமா தானும் போய்ச் சேர்ந்து பேச்சு வாங்குவார். இப்படி இருந்த இருவரும் கட்சியில் மட்டும் எதிரும் புதிருமாக இருந்தார்கள்.

அன்றைக்குக் கட்சி என்றால் ஒரு கொடி, ஒரு சின்னம், ஒரு டிவி சேனல். அப்பாவின் கட்சிக்கு ஒரு டிவி, மாமாவின் கட்சிக்கு ஒரு டிவி. இலங்கையில் போர் அதன் கடைசி மாதங்களில் இருந்தது. இங்கே தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் டிவியில் போர் நாள் முழுக்க நடந்தது. மாமாவின் டிவியில் அது திரைக்கு அடியில் ஓடும் எழுத்தில் மட்டும் நடந்தது. சில நாள் இரண்டும் ஒரே படத்தைக் காட்டும். அதே தண்ணீர், தலையில் மூட்டையோடு அதே ஜனங்கள். துரத்தப்படுகிறார்கள் என்று ஒன்று சொல்லும், மீட்கப்படுகிறார்கள் என்று மற்றது சொல்லும். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இரண்டிலுமே கேட்க முடியாது. பின்னால் சோக இசை ஓடிக்கொண்டிருக்கும்.

மாமா மதியச் சாப்பாட்டுக்கு மாடிக்கு வருவார். தட்டு வைப்பதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும். எங்கள் பக்கத்து வழக்கப்படி எவ்வளவு கோபத்திலும் ‘ங்க’ விட்டுப்போகாது. சொற்கள் புரியாத ஆள் வாசலில் நின்று கேட்டால், ஒருவரையொருவர் இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள் என்றே நினைப்பார். ரிமோட் என் கையில் இருக்கும். அப்பா பார்க்கும்போது மாமாவின் டிவியையும், மாமா பார்க்கும்போது அப்பாவின் டிவியையும் மாற்றிவைத்து வேடிக்கை பார்ப்பது எனக்கு விளையாட்டு.

ஒருநாள் அந்த விளையாட்டு முறிந்தது. தண்ணீரில் நடந்துவரும் கூட்டத்தைத்தான் அன்றும் காட்டினார்கள். அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்.

“ஓட்டுக்காகப் பொணத்தை மறைக்கிற டிவிங்க மாப்ளே உங்களுது.”

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“ஓட்டுக்காகப் பொணத்தைக் காட்டுற டிவிங்க மச்சான் உங்களுது.”

அதற்குப் பிறகு இருவரும் சொன்னவை போரைப் பற்றியவை அல்ல. யார் யாரால் தொழிலுக்கு வந்தார், யார் சம்பந்தத்தால் யாருக்கு மரியாதை வந்தது என்று பேச்சு எங்கெங்கோ போனது. மாமா பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார். சோற்றின் மேல் கோபம் ஆகாது என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கையில் இருக்கும் ஆர்டர் முடிந்ததும் சாமளாபுரம் பக்கம் தனியாக ஒரு ஷெட் பார்த்துக்கொள்கிறேன் என்று படியில் நின்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் அவருக்கு அத்தை வீட்டிலிருந்து சோறு கொடுத்துவிட்ட தூக்குப்போசி கட்டிங் மேஜையின் ஓரத்தில் இருந்தது. அக்கா வீட்டுக்குக் கீழேயே உட்கார்ந்து தம்பி தனியாகச் சாப்பிட்டதை அம்மாவால் தாங்க முடியவில்லை.

“டிவியில பேசறவங்க ஆரும் நாளைக்கு வந்து உங்களுக்குக் கட்டிங் போட மாட்டாங்க” என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் செக்கிங் பிரிவில் சுகந்தி அக்கா வேலை செய்தார். தைத்து முடித்த பனியனைத் திருப்பிப் போட்டு ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்து, பிசிறு நூலை வெட்டும் வேலை. அகதிகள் முகாமிலிருந்து கம்பெனி வேனில் வருவார். கல்யாணமான புதிதில் கணவரோடு இலங்கையிலிருந்து படகில் வந்தவர். அவர் கணவர் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்காவின் அம்மாவும் தங்கையும் வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். கம்பெனியில் எல்லோரும் அவரைச் சிலோன் அக்கா என்பார்கள். அம்மா மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

அந்த வாரம் சுகந்தி அக்கா தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்து, மதியத்தில் கொஞ்ச நேரம் டிவி பார்க்கலாமா என்று கேட்டார். அம்மா அவரைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிவந்தாள். கதவோரம் உட்காரப் போனவரை விசிறிக்குக் கீழே உட்காரவைத்தாள். எந்த டிவி வைக்கட்டும் என்று நான் பெரிய மனுஷி மாதிரி கேட்டேன்.

“எது எண்டாலும் பரவாயில்லை பிள்ளை. சத்தத்தை மட்டும் நிப்பாட்டி விடுறீங்களோ?”

சத்தமில்லாமல் ஒருவர் செய்தி பார்த்து நான் கண்டதில்லை. அவருக்குத் தலைவலி என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தன் டிவி சொல்வதைச் சம்பந்தப்பட்டவரே கேட்டால் நன்றாக இருக்குமே என்ற ஆசை அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் விருந்தாளி கேட்டதை மறுக்க முடியவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, பார்த்த ஷெட் அமைந்துவிட்டது என்று சொல்ல மாமா மாடிக்கு வந்தார். உட்காரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அவர் வாயைத் திறக்கும் நேரத்தில் திரையில் அந்தத் தண்ணீர் வந்தது. இடுப்பளவு நீரில் ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். சுகந்தி அக்கா எழுந்தார். எழுந்து நேராகப் போய், டிவியின் முன்னால் முட்டிபோட்டு, மூக்கு திரையில் படும் அளவுக்கு நெருங்கிவிட்டார். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. படம் மாறி, பட்டுப்புடவை விளம்பரம் வந்தது.

அவர் திரும்பினார். எங்களில் யாரைப் பார்த்துக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“திரும்பப் போட ஏலாதோ? தங்கச்சி மாதிரிக் கிடந்தது.”

அப்பா கையில் சோற்றோடு அப்படியே இருந்தார். மாமா சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அது கேசட் இல்லை, திரும்பப் போட முடியாது என்று நான்தான் சொன்னேன். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது. அடுத்த செய்தியில் வரும் என்று அப்பா சொன்னார். அடுத்த செய்தி வந்தது. அதில் அந்தப் படம் இல்லை. ஒரு பொதுக்கூட்டத்தைக் காட்டினார்கள், பிறகு இன்னொரு பொதுக்கூட்டத்தை. அப்பா அந்தக் கூட்டத்தை, தன் தலைவரின் கூட்டத்தை, எரிச்சலோடு பார்ப்பதை அன்றுதான் கண்டேன். பிறகு என் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலச் சொன்னார்.

“மாமனோட டிவியப் போடு கண்ணு.”

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா ஒன்றும் கேட்காமல் அவர் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். மாமாவின் டிவியிலும் அந்தப் படம் வரவில்லை. நான் மாற்றி மாற்றிப் போட்டேன். இம்முறை என்னை யாரும் திட்டவில்லை. வேலை தொடங்கும் மணி அடித்தும் இருவரும் கீழே போகவில்லை.

அன்று மாலையே அப்பா தன் டிவியின் உள்ளூர் நிருபருக்கு போன் செய்தார். காட்டி முடித்த படத்தையெல்லாம் தர மாட்டார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். மாமா தன் டிவியில் தனக்குத் தெரிந்த ஆளைப் பிடித்தார். எப்படிக் கேட்டார், எவ்வளவு கெஞ்சினார் என்று தெரியாது. சில நாளில் ஒரு சி.டி.யோடு வந்தார். பனியனில் அச்சடிக்கும் படங்களை வரைய ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் சுகந்தி அக்காவை உட்காரவைத்து, அப்பா ஒருபுறமும் மாமா ஒருபுறமுமாக நின்றார்கள். மாமா படத்தை மெதுவாக ஓடவிட்டு, அக்கா கைகாட்டிய இடத்தில் நிறுத்தினார்.

பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண். தோளில் குழந்தை. முகம் தெளிவாகவே தெரிந்தது.

சுகந்தி அக்கா நெடுநேரம் பார்த்தார். “இல்லை. இது வேற ஆரோ” என்றார். பிறகு, “இந்தப் பிள்ளையின்ர ஆக்களும் எங்கையோ இருந்து தேடிக்கொண்டிருப்பினம்” என்றார்.

மாமா மூக்கை உறிஞ்சினார். அப்பா, இன்னும் மிச்சம் இருக்கிறது, முழுவதையும் பார்த்துவிடலாம் என்றார். மூவரும் அந்த சி.டி.யைக் கடைசிவரை பார்த்தார்கள். தங்கை அதில் இல்லை.

அதற்குப் பிறகு மதியங்கள் மாறிப்போயின. எல்லோரும் மாடியில் ஒன்றாகச் சாப்பிட்டோம். கொஞ்ச நேரம் அப்பாவின் டிவி, கொஞ்ச நேரம் மாமாவின் டிவி, இரண்டும் சத்தமில்லாமல். தங்கைக்கு நெற்றியில் சின்னத் தழும்பு இருக்கும், அம்மா சற்றுக் குள்ளம் என்று சுகந்தி அக்கா சொல்லியிருந்தார். அப்பாவும் மாமாவும் முகம் முகமாகத் தேடினார்கள். “அந்த ஓரத்துல ஒரு பொண்ணுங்க மச்சான்” என்பார் மாமா. “அது வயசு கூடுதலா இருக்குதுங்க” என்பார் அப்பா. வேறு பேச்சே இல்லை. சாமளாபுரம் ஷெட்டைப் பற்றி யாரும் எடுக்கவில்லை. இருவரும் ராசியாகிவிட்டார்கள் என்று நான் தெருத் தோழிகளிடம் சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு ராசி எனக்குச் சலிப்பாகவும் இருந்தது. தேர்தல் வந்தது, போனது. போர் முடிந்துவிட்டது என்று இரண்டு டிவிகளும் ஒரே நாளில் சொல்லின. அந்த ஒன்றில்தான் இரண்டும் ஒத்துப்போயின. எங்கள் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பள்ளி திறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் ஆபீஸ் போன் அடித்தது. வெளிநாட்டில் இருந்த ஒரு சொந்தக்காரர் மூலமாக எங்கள் நம்பர் கைமாறிப் போய், இலங்கையில் ஒரு முகாமிலிருந்து சுகந்தி அக்காவின் தங்கையே பேசினாள். சுகந்தி அக்கா இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டு “ஓம், ஓம்” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. வைத்ததும், “தங்கச்சி இருக்கிறாள்” என்றார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டாள். தையல்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். மாமா ஓடிப்போய் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிவந்தார்.

மாடியில் சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பித்தார். முகாம்களில் இருப்பவர்களைப் பற்றித் தன் டிவிதான் முதலில் காட்டியது, அதனால்தான் வெளிநாட்டில் இருப்பவர்கள் தேடத் தொடங்கினார்கள் என்றார். மாமா விடவில்லை. முகாம்களைக் காட்டியது தன் டிவி என்றும், அப்பாவின் டிவி அப்போது நாடகம் போட்டுக்கொண்டிருந்தது என்றும் சொன்னார். இரண்டு மாதப் பேச்சும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. பிரியாணி ஆறிப்போனது. தங்கை கிடைத்ததற்கு இரண்டு டிவியும் ஒன்றும் செய்யவில்லையே, இந்தப் பெரியவர்கள் திருந்தவே மாட்டார்களா என்று எனக்குக் கோபம் வந்தது. சண்டையை நிறுத்தச் சொல்லி நான் கத்தப் போனேன். சுகந்தி அக்கா என் கையை மெல்லப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இது நடந்து பல வருடங்களுக்குப் பிறகு, என் கல்யாணத்துக்கு அவர் குடும்பத்தோடு வந்திருந்தார். மணமகள் அறையில் எனக்குப் பூ வைத்துவிட்டுக்கொண்டே அந்த மதியத்தைப் பற்றிப் பேசினார். தன் அம்மா ஷெல் விழுந்து இறந்துபோனதையும் தங்கை அதே போனில்தான் சொன்னாள் என்றார். அன்று வேனில் தன் முகாமுக்குத் திரும்பும்வரை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லையாம். மறுவாரம் எங்களிடம் சொன்னபோது, பிறகு வந்த செய்தி என்று சொல்லிவிட்டாராம்.

ஏன் அக்கா அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். வெளியே பந்தியில் அப்பாவும் மாமாவும் எதற்கோ வாதம் செய்யும் குரல் கேட்டது. அவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டார்.

“சொல்லியிருந்தா அவையள் ரெண்டு பேரும் திரும்பவும் பேசாமல் போயிருப்பினம் கண்ணு. எனக்காகத்தானே அவ்வளவு நாளும் வாய் திறக்காமல் இருந்தவை. அண்டைக்கு அவையள் சண்டை பிடிக்கிறதைக் கேட்க எனக்கு ஆசையாக் கிடந்தது. வீட்டில ஆக்கள் இருக்கினம் எண்ட மாதிரி.”