செல்வராஜ் அண்ணனுக்குக் கட்டிய கொடிகள்

செல்வராஜ் அண்ணன் இறந்த செய்தி எனக்கு வெள்ளைக்கொடி ஆர்டராக வந்தது. காலையில் தையல் கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். எதிர்க்கடை மாணிக்கம் முதலாளி, ஹார்ட்வெயார் வைத்திருப்பவர், குடையைக் கூட மடக்காமல் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, கையில இருக்கிற வேலையத் தூக்கி அந்தாண்ட வைங்க. சந்தியில இருந்து பாலம் வரைக்கும் கொடி வேணும். பொலித்தீன் வேணாம், துணியிலயே தைங்க."

"யாருக்குங்க முதலாளி?"

"நம்ம ஸ்டூடியோக்காரருக்குத்தான். விடியக்காலம் ஆஸ்பத்திரியில முடிஞ்சிருச்சாம்."

எண்ணெய் துணியில் சிந்தியது கூடத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர், கூடப் பிறக்காத அண்ணன், போய்விட்டார். அந்த அழுகைக்கு நடுவிலும் ஒன்று உறைத்தது. முதலாளி 'நம்ம' என்று சொன்னார். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தானே அண்ணன் இந்த ஊரில் இத்தனை வருடம் காத்திருந்தார்!

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொகவந்தலாவைக்குப் போகும் பஸ் ரோட்டில் எங்கள் பஜார் இருக்கிறது. இரண்டு பக்கமும் கடைகள், ஒரு கோயில், ஓடைக்கு மேல் ஒரு பாலம், அதற்கு மேலே தேயிலை. அவ்வளவுதான் ஊர். ஆனால் எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், உலகத்திலேயே இப்படி ஓர் ஊர் இல்லை என்பார்கள். செல்வராஜ் அண்ணன் நோட்டன் பிரிட்ஜில் பிறந்தவர். எங்கள் ஊர் சரோஜா அண்ணியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, என் கடைக்குப் பக்கத்து அறையில் போட்டோ ஸ்டூடியோ போட்டார்.

ஒரு படம் எடுக்க அவர் படுத்துகிற பாட்டைப் பார்க்க வேண்டும். மலையிலிருந்து அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் கொழுந்து எடுத்த கையோடு, வியர்வையோடு வருவார்கள். சும்மா உட்கார வைத்து 'கிளிக்' பண்ணி அனுப்புகிற மனிதர் இல்லை அவர். சீப்பு கொடுப்பார், பவுடர் கொடுப்பார், சட்டைப் பட்டனை அவரே போட்டுவிடுவார். பட்டன் இல்லை என்றால் என்னிடம் அனுப்புவார். "அண்ணே, அட்டையில தலை மட்டுந்தானே தெரியும், இதெல்லாம் எதுக்கு?" என்று கேலி செய்வேன். "ஒரு மனுசனுக்கு மூஞ்சி ஒண்ணுதான் தங்கச்சி. அத நாம்ம கெடுத்துறக் கூடாது" என்பார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் ரோட்டு நெடுகக் கயிறு இழுத்து வெள்ளைக்கொடி கட்டுவோம். இறந்தவரின் படம் போட்டு, பெயர் எழுதி, பெரிய பேனர் வைப்போம். கட்டுவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அவிழ்ப்பதற்குத்தான் எவருக்கும் கை வராது. கருமாதி முடிந்து, வருடம் திரும்பி, மழையிலும் காற்றிலும் நைந்து, கொடியெல்லாம் கம்பியில் சுற்றிக்கொண்டு கிடக்கும். பேனர் கிழிந்து ஓடையில் விழும். கொடி தைப்பவள் நான், பேனருக்குப் படம் கொடுப்பவர் அவர். எங்கள் இரண்டு பேர் பிழைப்பிலும் அது ஒரு பங்கு. அப்படியிருந்தும் அவருக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு தேர்த்திருவிழா சமயம். வெளியூர் சனம் வரும் என்று கடைகளுக்கெல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். அன்று காலையில் ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டியில் இருந்த கல்யாணப் பெண்களின் படங்களைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு பெரிய படம். பாலத்துக்கடியில் குப்பையோடு குப்பையாக ஒரு பேனர் கிடக்கிறது. பேனரில் மாணிக்கம் முதலாளியின் அப்பா, கோயில் தர்மகர்த்தாவாக இருந்து மறைந்தவர், ஓடைத்தண்ணீருக்குள் இருந்து எங்களைப் பார்க்கிறார்.

ஐயோ, அன்றைக்கு ஊர் கொதித்த கொதி! படத்தில் கிடந்த குப்பையைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. "வந்த எடத்துல வாயப் பொத்திக்கிட்டு இருக்கத் தெரியாதா?" என்றார் ஒருவர். "நோட்டன்ல இருந்து பொழைக்க வந்தவருக்கு எங்க ஊரு நாறுதாக்கும்!" என்றார் இன்னொருவர். "ஹட்டன்ல போய்ப் பாக்கச் சொல்லுங்க, இதவிட மோசம்" என்றும் பேச்சு வந்தது. காற்றின் மேல் பழி, மழையின் மேல் பழி. இத்தனைக்கும் நாள் முழுக்கத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து இந்த ஊரைக் கரித்துக்கொட்டுபவர்கள் இதே ஆட்கள்தான். நாங்கள் திட்டலாம். வந்தவர் வாயிலிருந்து வந்தால் குற்றம். அண்ணனின் பிள்ளைகள் இரண்டும் பிறந்தது இந்த ஊரில். அது கணக்கில் சேரவில்லை.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மாணிக்கம் முதலாளி அண்ணனை நேராகப் பார்த்தார். "எங்கப்பாவ ஊரு முன்னால அசிங்கப்படுத்திட்டீங்களே" என்றார். அண்ணன் எழுந்து நின்றார்.

"உங்கப்பாவ அந்தப் படம் எடுத்தது நாந்தாங்க. கோட்டுப் பட்டன நாந்தான் போட்டுவிட்டேன். அந்த மூஞ்சி சாக்கடையில கெடக்கறது எனக்கு வலிக்குது. உங்களுக்கு வலிச்சா மன்னிச்சுக்கங்க. கண்ணாடியில இருக்கறத நான் எடுத்துர்றேன், பாலத்துல இருக்கறத நீங்க எடுங்க."

எடுத்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? படம் மறைந்ததும் ஊருக்கு நிம்மதி. கடைசியில் அண்ணனே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார். பேனரை மேலே கொண்டுவந்து, பொதுப் பைப்பில் கழுவி, என் கடை வாசலில் காயவைத்து, சுருட்டி எடுத்துக்கொண்டு முதலாளி கடைக்குப் போனார். முதலாளி கை நீட்டவில்லை. தராசில் ஆணியை நிறுத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அந்த முகத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதன் பிறகு ஊர்க் கல்யாணங்களுக்கு ஹட்டனிலிருந்து போட்டோக்காரர் வந்தார். அண்ணன் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. யார் வீட்டிலாவது கருமாதி முடிந்தால், மறுநாள் காலையில் நுனியில் கொக்கி வைத்த மூங்கில் கழியோடு ரோட்டில் நிற்பார். ஒவ்வொரு கொடியாக அவிழ்ப்பார். பேனரைத் துடைத்து அந்த வீட்டு வாசலில் வைப்பார். ஊர் அவருக்குக் 'கொடிகழட்டி' என்று பெயர் வைத்தது. அவர் போகும்போது காது கேட்கவே சொல்வார்கள். "நல்லதாப் போச்சு, பேராவது வச்சாங்களே" என்று சிரிப்பார். பாவி மனிதருக்கு அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு ஏக்கம் இருந்தது என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

அவருக்கு ஊர்ப் பாசம் இல்லை என்று சொன்னவர்கள் ஒரு நாள் எங்களோடு ஹட்டன் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஜன்னல் வழியே பார்த்து, "என்ன ஊருங்க இது, குப்பை மேடு" என்றார். அண்ணன் விட்டாரா! "ஏங்க, எங்க ஊர்த் தண்ணியக் குடிச்சுப் பாத்திருக்கீங்களா? ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரின்னு கதவத் தட்டுனா எந்த வீடும் தொறக்கும், தெரியுமா?" என்று இறங்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் நான் கேட்டேன். "நீங்களும் அதைத்தானே சொல்றீங்க அண்ணே?" அவர் சொன்னது இது: "நம்ம ஊர நாம்மதான் திட்டணும் தங்கச்சி. திட்டிட்டுத் துடைக்கணும். திட்டுறதோட நின்னா அது வெறும் வம்பு."

போன வருடம் நெஞ்சில் சளி கட்டி அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கழியை ஸ்டூடியோ மூலையில் சாத்தினார். சரோஜா அண்ணியிடமும் என்னிடமும் சொல்லியிருந்தார்: "எனக்குக் கொடி கட்ட வேணாம்னு சொல்லிருங்க. கட்டித்தான் தீருவோம்னா, அவுக்கிறது யாருன்னு கேட்டுட்டுக் கட்ட விடுங்க."

அண்ணி சொல்லிப் பார்த்தார். அழுகைக்கு நடுவில் கெஞ்சியே பார்த்தார். ஊர் கேட்கவில்லை. "என்னங்க அண்ணி நீங்க, நாளைக்கு வெளியூர்க்காரங்க நம்ம ஊர என்ன நெனைப்பாங்க?" என்றார் மாணிக்கம் முதலாளி. மனதில் வஞ்சம் வைத்து அவர் சொல்லவில்லை. மனமார அண்ணனுக்கு மரியாதை செய்ய நினைத்தார்கள். எப்படிச் செய்வது என்று எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் தைத்தேன். முன்பு எவருக்கும் கட்டாத அளவுக்குக் கட்டினார்கள். ஸ்டூடியோ முகப்பில் பெரிய பேனர், அதில் அவர் சிரித்த முகம், கீழே 'எமது ஊரின் மைந்தன்' என்ற எழுத்து. உயிரோடு இருக்கும்போது ஒருவர், ஒரே ஒருவர், அதை வாயால் சொல்லியிருக்கக் கூடாதா?

கருமாதி முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. கொடிகள் அப்படியே தொங்கின. போன வாரம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வெளியூர்ப் பெண் பையில் அறுந்த சிப்பைத் தைக்க என் கடைக்கு வந்தார். வெளியே பார்த்து, "இதையெல்லாம் அவுக்க இந்த ஊர்ல ஆள் இல்லீங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எங்க ஊர்ல ஒரு பெரிய மனுசன் செத்திருக்காரு. மரியாதைக்குக் கட்டுனது. வெளியூர்க்காரங்களுக்கு என்ன தெரியும்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் காசைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. அன்று கோயில் மண்டபத்தில் கேட்ட அதே குரல். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். பேனரின் ஒரு மூலை கழன்று, அண்ணன் முகத்தின் மேலேயே மடிந்து கிடந்தது. கண்ணுக்கு மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணியிடம் கழியை வாங்கி வந்தேன். எனக்கு எட்டவில்லை. எதிரிலிருந்து மாணிக்கம் முதலாளி, "என்ன தங்கச்சி, அதுக்குள்ளயா?" என்று கேட்டார். நான் கழியை இன்னும் எக்கிப் பிடித்தேன். அவர் உள்ளே போய், விற்க வைத்திருந்த ஏணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரே ஏறி முடிச்சை அவிழ்த்தார். பேனரைக் கீழே விழவிடாமல் இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, என் தையல் மேசையில் விரித்து, தோளில் கிடந்த துண்டால் அந்த முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு எங்கப்பாவோடத அவரு கொண்டாந்தாருல்ல தங்கச்சி? நான் கை நீட்டி வாங்கியிருக்கணும்."

அந்தச் சுருள் இப்போதும் ஸ்டூடியோவில்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

அண்ணே, சந்தியிலிருந்து கோயில் வரைக்கும் அவிழ்த்துவிட்டோம். இன்னும் பாலம் வரைக்கும் இருக்கிறது. மழை விட்டதும் அதையும் முடித்துவிடுவோம். நீங்கள் கழியைத் தேடாமல் போய் வாருங்கள்.