முதுகில் வளர்ந்த குட்டி

எனெலெசிக்கு வாய் கொஞ்சம் நீளம். லிலோங்வேக்கு வெளியே இருக்கும் எங்கள் விலங்குக் காப்பகத்தில் சமையல்காரியாகச் சேர்ந்தவள் அவள். ஒரு மழைக்காலத்தில் குட்டிகளைப் பார்க்கிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட, பால்புட்டியைக் கையில் எடுத்தாள். அதற்கப்புறம் அகப்பையைத் தொடவில்லை. தாயைக் கண்ணியிலும் ரோட்டிலும் பறிகொடுத்துவிட்டு வருகிற குரங்குக் குட்டிகளெல்லாம் அவள் கையில்தான் பிழைத்தன.

வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிற பிள்ளைகள் என்றால் அவளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. விமானம் ஏறி வந்து கூண்டு கழுவுகிற ஜன்மங்களை வேறெங்கே பார்க்க முடியும் என்பாள். ஊருக்குத் திரும்பும் நாளில் அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்புவதை அப்படியே நடித்துக் காட்டுவாள். நாங்கள் சோளக்களியும் கையுமாகச் சிரித்துப் புரையேறிக் கிடப்போம்.

அந்த வருடம் நார்வேயிலிருந்து மாரித் வந்தாள். மற்றவர்களைப் போலப் படம் எடுத்துக்கொண்டு திரியாமல் எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்ட பெண். அப்போது எனெலெசியிடம் கருமுகக் குரங்குக் குட்டி ஒன்று இருந்தது. கடலைக்கொட்டை மாதிரி குட்டியூண்டாக வந்து சேர்ந்ததால் அதற்குக் கடலை என்றே பெயர். அவள் அதை சிட்டேஞ்சித் துணியில் வைத்து முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள், தண்ணீர் சுமப்பாள். பால் கொடுக்கிற நேரம் வந்தால் ஒரு உச்சுக் கொட்டுவாள். குட்டி உடனே அவள் அக்குளுக்கடியில் நுழைந்து முன்பக்கம் வந்து புட்டியைக் கவ்விக்கொள்ளும். பார்க்கக் கண் கோடி வேண்டும்.

மாரித்துக்குத்தான் உறுத்தியது. "அக்கா, குரங்கு குட்டிய வயித்துலதானே சுமக்கும்? நீங்களும் முன்னாடி கட்டிக்கலாமே" என்று கேட்டுவிட்டாள்.

"நாலு புள்ளைய முதுகுல போட்டு வளத்தவடி நான். ஒண்ணாவது வழுக்கி விழுந்துச்சா? போ தாயி, போயி வாழைப்பழத்த நறுக்கு."

எனெலெசியைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் பிள்ளை என்றால் முதுகு. முன்னால் கட்டிக்கொண்டு எவள் மாவு இடிப்பாள்? மாரித் சொன்னது எங்கள் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

பெரிய அடைப்பில் ஒரு குரங்குக் கூட்டம் காட்டுக்குப் போகத் தயாராக இருந்தது. கடலையும் அதோடு போக வேண்டுமானால் உள்ளே ஒரு தாய் வேண்டும். சமீபத்தில் தன் குட்டியைப் பறிகொடுத்த ஒரு பெண் குரங்கு இருந்தது. பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி எல்லோரையும் அதட்டுவதால் அதற்கு சிஸ்டர் என்று பேர் வைத்திருந்தோம். சிஸ்டர் சேர்த்துக்கொண்டால் கடலைக்குக் காடு. இல்லாவிட்டால் அது பீட்டரைப் போலத்தான். பீட்டர் மனிதர் கையிலேயே வளர்ந்து, தன் இனத்தோடு ஒட்டத் தெரியாமல், மூலைக் கூண்டில் நாளெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கிற கிழட்டுக் குரங்கு. அதற்குத் தட்டு வைக்கும்போது எனெலெசி அதன் முகத்தைப் பார்க்கவே மாட்டாள்.

வளர்த்தவள் கண்ணில் பட்டால் குட்டி அவளிடமே ஓடிவந்துவிடும். அதனால் எனெலெசி அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது, சத்தம் கூடாது என்று மேற்பார்வை பார்க்கும் வைசன் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் தீவனக் கொட்டகையின் நாணல் தட்டிக்குப் பின்னால் நின்று இடுக்கில் கண்ணை வைத்தாள். மாரித் கடலையை உள்ளே விட்டுவிட்டு, கதவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சிஸ்டர் மெதுவாக இறங்கி வந்தது. மோந்து பார்த்தது. கையை நீட்டி அணைக்கப் போனது. கடலையோ சுற்றிக்கொண்டு பின்னால் ஓடி, அதன் முதுகில் ஏறி, கண்ணை மூடிக் குப்புறப் படுத்துக்கொண்டது. துணி கட்டுவார்கள் என்று காத்திருந்தது.

 அட பாவி, நானே கெடுத்துவிட்டேனே என்று எனெலெசி மார்பில் கையை வைத்துக்கொண்டாள்.

சிஸ்டர் மிரண்டுபோய் உதறியது. குட்டி உருண்டு விழுந்து, மறுபடியும் முதுகுக்கே ஏறியது. இந்தத் தடவை சிஸ்டர் திரும்பிப் பல்லைக் காட்டி அதன் வாலைக் கடித்தது. ரத்தம் வந்தது. குட்டி கீச்சிட்டுக்கொண்டே இன்னும் இறுக்கமாக முதுகைப் பற்றியது. கிளையில் இருந்த பெரிய ஆண் குரங்கும் இறங்கி வர ஆரம்பித்தது.

"இன்னொரு கடி விழுந்தா கதவத் தூக்கிடும்மா, குட்டிய எடுத்துருவோம்" என்றார் வைசன். எடுத்தால் அவ்வளவுதான். இன்னொரு தடவை பழக்கிச் சேர்ப்பதற்குள் கூட்டம் காட்டுக்குப் போய்விடும், கடலை இங்கேயே தங்கிவிடும். மாரித் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

எனெலெசி துணியை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் ஓடிவந்துவிடும், மூலைக் கூண்டுதான் கதி. கூப்பிடாவிட்டால் கண்ணெதிரே இரண்டும் குதறிப் போட்டுவிடும். சிஸ்டர் மறுபடியும் கழுத்தைத் திருப்பியது.

அவள் வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு ஒரே ஒரு உச்சுக் கொட்டினாள்.

கடலை தலையைத் தூக்கியது. தட்டிப் பக்கம் பார்த்தது.  வராதே, என் ராசா, வராதே என்று எனெலெசி உள்ளுக்குள் கெஞ்சினாள். குட்டி ஒரு கணம் அப்படியே இருந்துவிட்டு, பழகின பழக்கத்தில் சிஸ்டரின் அக்குளுக்கடியில் நுழைந்து வயிற்றுக்கு வந்து, தலையை முட்டி முட்டித் தேடிக் காம்பைக் கவ்வியது. திறந்த வாயை சிஸ்டர் மூடிக்கொண்டது. அதன் கை தானாகவே வந்து குட்டியை வளைத்தது. ஆண் குரங்கு பாதி வழியில் உட்கார்ந்து சொறிந்துகொண்டது.

"யாரு சத்தம் குடுத்தது?" வைசன் திரும்பினார்.

"பல்லி" என்றாள் மாரித்.

மத்தியானம் மாரித் தட்டில் களியும் ஏரி மீனும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். எனெலெசி வெறும் சிட்டேஞ்சியை மடியில் போட்டுக்கொண்டு, மூக்கு சிவக்க அழுதுகொண்டிருந்தாள்.

"சிரிச்சுக்கோடி. உங்கள எல்லாம் பாத்து நான் எவ்வளவு சிரிச்சிருக்கேன்."

மாரித் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது கூப்பிட்டாலும் கடலை வருமா என்று கேட்டாள்.

"வருவான். கூப்பிட்டா அவள விட்டுட்டு ஓடி வந்துருவான். அதான் பயமா இருக்கு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேராக வைசனிடம் போனாள். அந்தக் கூட்டம் காட்டுக்குப் போகும்வரை தன்னைச் சமையலறையில் போடச் சொன்னாள். காரணம் கேட்டதற்கு முதுகுவலி என்றாள். கூட்டம் கிளம்பும்வரை அவள்தான் எங்களுக்குக் களி கிண்டினாள். ஒருநாள் மீன் மொத்தமும் தீய்ந்து கரியாகியும், அவள் ஒரு உச்சுக்கூடக் கொட்டவில்லை.